வாசலுக்கு வெளியே ஆறடி

என் வண்டி ஒரு பழைய நிசான் 1400. பின்பக்கம் திறந்த இந்த மாதிரி வண்டியை இங்கே தென்னாப்பிரிக்காவில் 'பக்கி' என்பார்கள். எங்கள் மன்னார்குடிப் பக்கம் பக்கி என்றால் திட்டு. டர்பனில் அதுதான் சோறு போடுகிறது. முதல் தடவை அம்மாவிடம் போனில் "பக்கி ஒண்ணு வாங்கிட்டேம்மா" என்றபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இப்போது வீடு வீடாகப் புல் வெட்டுகிறேன். ஆனால் தோட்ட வேலை என் சொந்தத் தொழில் கிடையாது. நான் சுதை வேலைக்காரன். இங்கிருக்கும் கோயில்களுக்குக் கோபுரப் பொம்மை செய்ய 2012இல் ஆறு பேரோடு வந்தவன், டர்பனின் சேட்ஸ்வொர்த் பகுதியில் பெண் எடுத்துத் தங்கிவிட்டேன். 2020 மார்ச் 27இல் ஊரடங்கு வந்தது. கோயில்களைப் பூட்டினார்கள், கும்பாபிஷேகங்கள் தள்ளிப்போயின, சிமெண்ட் கரண்டியைத் தொட வேலை இல்லை. மாமியார் வீட்டுப் புல்லை வெட்டி வெட்டியே பொழுதைக் கழித்தேன். "இதையே காசுக்கு வெட்டினா என்ன?" என்று கேட்டவள் என் வீட்டுக்காரி. இங்கே செப்டம்பர்தான் வசந்தம். மழை தொடங்கிப் புல் மளமளவென்று ஏறும் காலம். அந்த செப்டம்பரில் இறங்கினேன்.

வெட்டத் தெரியும். வெட்டச் சொல்லி யார் கூப்பிடுவார்கள் என்பதுதான் தெரியவில்லை.

ஐந்நூறு துண்டுச்சீட்டு அடித்தேன். மூன்று சனிக்கிழமை மேடு பள்ளமாக ஏறி இறங்கித் தபால் பெட்டிகளில் போட்டேன். மொத்தம் மூன்று பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் டர்பனின் வடக்குப் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து, சேட்ஸ்வொர்த்தில் போட்ட சீட்டு அங்கே எப்படிப் போனதென்று இன்றுவரை புரியவில்லை. இன்னொருவர் அதே பக்கத்துக் கடலோர உம்லாங்காவிலிருந்து. மூன்றாவது அழைப்பு எனக்கே இன்சூரன்ஸ் விற்க.

வந்த லட்சுமியை விடுவானேன் என்று ஃபீனிக்ஸுக்கும் உம்லாங்காவுக்கும் போனேன். ஃபீனிக்ஸ் மட்டுமே இங்கிருந்து ஒரு வழிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். முந்நூறு ராண்டுக்குப் புல் வெட்டிவிட்டுத் திரும்பும்போது பெட்ரோல், எந்திரத்துக்கு எண்ணெய், உடன் வந்தவர் சம்பளம் எல்லாம் கழித்தால் எனக்கு மிஞ்சியது ஒரு பன்னி சௌ. பாதி ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றித் தருவார்களே, அது. பீன்ஸ் பன்னி என்று திருத்திக்கொள்கிறேன், மட்டனுக்குக் கட்டாது.

அப்புறம்தான், சேட்ஸ்வொர்த்திலேயே பேவியூ பகுதியில் இருக்கும் ஆயா வீடு வந்தது. மாமியாருக்கு ஏதோ வழியில் சொந்தம், எண்பது வயசு. தமிழ் நாலு வார்த்தைதான், ஆனால் அந்த நாலையும் என்னிடம் பேசிவிட வேண்டும் என்று ஆசை. வீட்டுக்குள் மாமர நிழலில் எல்.எம். புல். லொரென்சோ மார்க்கெஸ் என்பதன் சுருக்கம், இப்போது மாபுட்டோ என்கிறோமே அந்த ஊர். அகல இலை, மெத்தென்று இருக்கும், நிழலைத் தாங்கும். டர்பன் வீடுகளுக்கு அதுதான் லாயக்கு. வெளியே வாசலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு கீற்று. அங்கே கிக்குயு என்கிற படரும் புல் முழங்காலளவு வளர்ந்து, ஓரத்தில் தார்மேலேயே படர்ந்து கிடந்தது. அது மாநகராட்சி நிலம். ஆனாலும் வீட்டுக்காரர் வெட்டிக்கொள்வதுதான் இங்கே வழக்கம்.

ஆயா உள்ளே வெட்ட மட்டும்தான் சொன்னார்கள். எனக்கு அதைப் பார்த்துவிட்டுப் போக மனசு வரவில்லை. கோபுரத்தில் யாருக்கும் தெரியாத பொம்மையின் முதுகையும் தேய்த்து முடிக்கிற கை இது. வெளிக்கீற்றையும் வெட்டினேன். பிறகு அரைவட்ட மண்வெட்டியை எடுத்து, தார் ஓரமாகக் கயிறு கட்டி, காலால் அழுத்தி அழுத்தி ஒரே கோடாக நறுக்கினேன். கிக்குயுவின் ஓடுதண்டு வெள்ளைப் புடலங்காய் மாதிரி சுருள் சுருளாகப் பெயர்ந்து வந்தது. பதினெட்டு மீட்டருக்கு ஒரு மணி நேரம். முடிந்தபின் பார்த்தால் புல்லுக்கும் தாருக்கும் நடுவில் பேனாவால் கோடு போட்ட மாதிரி இருந்தது.

ஆயா வெளியே வந்து பார்த்தார்கள். "என்னா தம்பி, ரோட்டுப் புல்லு நான் சொல்லலையே. அதுக்குக் காசு இல்லே."

"வேணாம் ஆயா."

அடுத்த சனிக்கிழமைக்குள் அதே தெருவிலிருந்து நாலு அழைப்பு. நாலு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "அந்தக் கிழவி வீட்டு ஓரத்தை வெட்டினது நீதானே?" வீட்டுக்குள் நான் எவ்வளவு அழகாக வெட்டினேன் என்பது மதிலுக்கு அந்தப் பக்கம் யாருக்குத் தெரியும்? வெளியே இருக்கிற ஆறடியைத்தான் கோயிலுக்குப் போகிறவர், பிள்ளையைப் பள்ளியில் விடப்போகிறவர், டாக்ஸிக்கு நிற்கிறவர் எல்லாரும் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் காடாக இருக்கும்போது நடுவில் ஒரு வீடு மட்டும் சவரம் செய்த முகம் மாதிரி இருந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது.

என்னோடு வேலை செய்பவர் உம்லாசியிலிருந்து வருகிறார், ஜூலுக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பாபா என்றுதான் கூப்பிடுவேன், ஜூலுவில் அப்பா என்று அர்த்தம். அந்த வாரம் ஃபீனிக்ஸுக்குப் புறப்படும்போது அவர் பக்கியில் ஏறாமல் நின்று, தெருவை விரலால் எண்ணினார். ஒன்று, இரண்டு என்று ஒன்பது வீட்டில் புல் ஏறிக் கிடந்தது. "இதை விட்டுட்டு எங்கே போறோம்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அன்றிலிருந்து கணக்கை மாற்றினேன். ஒரு வீட்டில் வேலை என்றால் அதன் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் எதிர் வீட்டுக்கும் ஐம்பது ராண்ட் குறைவு, அதே நாளில் வெட்டுவதாக இருந்தால் மட்டும். எந்திரத்தை வண்டியில் ஏற்றி இறக்கும் வேலையே இல்லை, தள்ளிக்கொண்டு போனால் போதும். பாபாவுக்கும் ஒழுங்காகக் கொடுக்க முடிந்தது. 2025 மார்ச்சில் சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆனது, எட்டு மணி நேரத்துக்கு 230 சொச்சம். நான் 350 தருகிறேன். இதை விடக் குறைத்துக் கொடுத்துவிட்டு "ஆள் நிற்பதில்லை" என்று புலம்பும் தோட்டக்காரர்கள் நிறைய.

நடுவில் ஆசைப்பட்டு ஒரு தடவை கெட்டேன். கடலோரத்தில் ஒரு பெரிய குடியிருப்பு, வாசலில் காவல், விரல்ரேகை, மாதாமாதம் ஒப்பந்தம். மூன்று மாதம் வெட்டினேன், ஒரு மாதப் பணம்தான் வந்தது. மீதிக்கு இன்னும் மின்னஞ்சல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு வழி நான் தேடாமலே வந்தது. 2014 அக்டோபரிலிருந்து இங்கே ஒரு விதி: வெளிநாட்டிலிருந்து வந்து கண்டபடி பரவும் செடிகளுக்கு அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது; வீடு விற்பவர், அதில் உள்ள செடிகள் தன் மனையில் இருந்தால் வாங்குகிறவருக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். பல பேருக்கு இது தெரியாது. தெரிந்த ஒரு வீட்டுத் தரகரம்மா, "உனக்குச் செடி தெரியுமே, வந்து பார்த்து எழுதிக்கொடு" என்று கூப்பிட்டார். உண்ணிச்செடி எங்கே பார்த்தாலும் இருக்கும், அது பட்டியலில் உண்டு. நம் ஊர் அரளியும் உண்டு; மாலைக்கு ஆசையாக வளர்க்கும் வீடுகளில் அதைச் சொன்னால் என்னை முறைப்பார்கள்.

வெஸ்ட்கிளிஃபில் ஒரு வீட்டில் முற்றத்தில் பெரிய மரம், அடியில் மாரியம்மனுக்கு விளக்கு. விற்கப்போகிற பெரியம்மா அதை வேப்பமரம் என்றார். கிட்டே போய் இலையைப் பார்த்தால் காம்பு இரண்டு தடவை கிளைத்த இரட்டைக் கூட்டிலை, வேம்புக்கு ஒரு தடவைதான். இங்கே சிரிங்கா என்கிற மரம், வேம்பின் பங்காளி. வேம்பு கிடைக்காத இடத்தில் இதன் தழையைத்தான் அம்மனுக்குக் கட்டியிருக்கிறார்கள். பட்டியலில் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். பெரியம்மா விளக்கை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு, "வெட்டிடுவியா?" என்றார். வெட்ட வேண்டியதில்லை. ஊருக்குள் ஏற்கெனவே நிற்கிற சிரிங்கா நிற்கலாம். புதிதாக நடக்கூடாது, விற்கக்கூடாது. எழுதிக் கொடுத்தால் போதும் என்றதும் விளக்கைத் திரும்ப வைத்தார். அந்த வீட்டை வாங்கியவர்கள் இப்போது என் வாடிக்கை. மரம் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் புல் தூங்கும். "இந்த மாசம் வேணாம் தம்பி" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். முதல் குளிர்காலத்தில் பயந்தே போனேன். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கவலை குறைந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நானூறு பேருக்கு மேல் செத்த வெள்ளம். சேட்ஸ்வொர்த் முழுக்கச் சரிவு, மழையில் எத்தனையோ வீட்டுக் கொல்லை மேடுகள் வழிந்துவிட்டன. குளிர்காலம் மண் காய்ந்திருக்கிற நேரம். சின்னச் சரிவென்றால் கல் அடுக்கி, மேலே வெட்டிவேர் நட்டுக் கொடுக்கிறேன். பெரிய சரிவுக்கு எஞ்சினியரைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன், அதில் என் கை வைக்கமாட்டேன்.

இன்றைக்கு முப்பத்தொரு வீடு, ஐந்து தெரு. தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லாருக்கும் ஒரே நாளில் வெட்ட வேண்டும், அது தனிக் கூத்து. ஃபீனிக்ஸிலிருந்து இன்னும் அழைப்பு வருகிறது. அங்கேயே இருக்கும் ஒரு பையன், அவனும் புதிதாக ஆரம்பித்தவன், அவன் எண்ணைக் கொடுத்துவிடுகிறேன். போன மாதம் அவன் கூப்பிட்டான். சேட்ஸ்வொர்த்திலிருந்து யாரோ அவனை அழைத்தார்களாம், அண்ணே நீங்க பாருங்க என்று முகவரி சொன்னான். பேவியூ ஆயா தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. சாயங்காலமே போய்ப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே கிக்குயு தார்மேல் ஒன்றரை அடி ஏறியிருந்தது.