லிஸ்ட் எழுதிக்கொண்டு உழவர் சந்தைக்குப் போகாதீர்கள்

உழவர் சந்தைக்கு லிஸ்ட்டோடு வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கேரட் கால் கிலோ, பீன்ஸ் கால் கிலோ, உருளைக்கிழங்கு ஒரு கிலோ என்று செல்போனைப் பார்த்துப் பார்த்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், பக்கத்திலேயே சாக்கை விரித்துப் பச்சை மொச்சை கொட்டிக் கிடக்கும், அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். கேரட்டும் பீன்ஸும் தெருமுனைக் கடையிலேயே கிடைக்குமே, அதற்கு எதற்கு மார்கழிக் குளிரில் எழுந்து அண்ணா நகர் வரை வர வேண்டும்?

என்ன சமைப்பது என்பதைச் சந்தையில் வைத்து முடிவு செய்ய வேண்டும், வீட்டில் அல்ல. இதுதான் என் கட்சி.

மதுரைக்காரர்களுக்கு இந்தச் சந்தைமேல் தனி உரிமை உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இங்கேதான், அண்ணா நகரில், 1999 நவம்பர் 14 அன்று திறந்தார்கள். அப்போது கருணாநிதி முதல்வர். அதே வருடத் தொடக்கத்தில் ஆந்திராவில் ரைத்து பஜார் என்று இதே மாதிரி ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். இடையில் தரகர் கிடையாது, அடையாள அட்டை உள்ள விவசாயி தன் தோட்டத்துக் காயைத் தானே கொண்டுவந்து விற்கலாம், கடை போட வாடகை இல்லை, தராசும் அங்கேயே தருவார்கள். அன்றன்றைக்கு விலையை நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும் வெளிச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆக, பேரம் பேச அங்கே வேலையே இல்லை. அந்த நேரத்தில் எந்த ஊர், எப்போது பறித்தது, வீட்டில் இதை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்கலாம். மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் நீளமாக வரும்.

எல்லாக் காயும் அடுக்கி வைத்திருக்கும் கடையை நான் தாண்டிப் போய்விடுவேன். ஒருவர் தோட்டத்தில் பத்து வகைக் காய் ஒரே நேரத்தில் விளைந்து ஒரே காலையில் பறிபடுமா, நீங்களே சொல்லுங்கள். இரண்டு காய், கூட ரெண்டு கட்டுக் கீரை, கொஞ்சம் கறிவேப்பிலை என்று உட்கார்ந்திருப்பவர்தான் நம்ம ஆள். வெண்டைக்காய் என்றால் முனையை உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை (அவர்களுக்குக் கெட்ட கோபம் வரும்), காம்பு வெட்டிய இடம் காயாமல் இருந்தாலே போதும். கத்தரிக்காய்க்குத் தோல் இறுக்கமாக, கை வைத்தால் வழுக்க வேண்டும், தொப்பி பச்சையாக இருக்க வேண்டும். அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே விதைதான். அவரைக்காயில் விதை புடைத்துத் தெரிந்தால் நார் எடுத்தே பொழுது போய்விடும்.

போன வாரம் மொச்சை வாங்கியது பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு ஆத்தாவிடம். நான் பார்க்க அழகாக இருக்கிறதே என்று நல்ல பச்சையாக இருந்த காயாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "குழம்புக்கா தம்பி? அப்பக் கொஞ்சம் வெளுத்ததா எடு, அதுலதான் பருப்புப் பிடிச்சிருக்கும்" என்று கையிலிருந்ததைப் பிடுங்கிக் குவியலில் போட்டுவிட்டு அவரே அள்ளித் தராசில் வைத்தார். ஒரு கிலோ காய் உரித்தால் பாதிகூடத் தேறாது, தெரிந்துகொண்டு வாங்குங்கள். உரிக்கும்போது விரலெல்லாம் பிசுபிசுவென்று ஆகும், சோப்புப் போட்டாலும் சட்டென்று போகாத ஒரு வாசம் ஒட்டிக்கொள்ளும். பனி பெய்யப் பெய்ய அந்த வாசம் கூடும் என்பார்கள். அந்த வாசத்துக்காகத்தானே இத்தனை பாடும்.

மொச்சை வாங்கியாச்சு, அடுத்த வரிசையில் சின்னக் கத்தரிக்காய் கண்ணில் பட்டது, அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது, புளிக்குழம்புதான். காய்ந்த மொச்சை மாதிரி ராத்திரி ஊற வைக்கும் வேலை இதற்குக் கிடையாது. கொஞ்சம் உப்புப் போட்டு, நசுக்கினால் மசியும் வரை தனியாக வேக வைத்துக்கொள்ளுங்கள். குக்கர் என்றால் ஒரு விசில், அதற்கு மேல் விட்டால் கூழ். முதலிலேயே புளித் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள், புளிப்பு ஏறினால் மொச்சை வேகவே வேகாது, எத்தனை நேரம் கொதித்தாலும் உள்ளே நறநறவென்றுதான் இருக்கும். வெந்த தண்ணீரைக் கொட்டவும் வேண்டாம், புளி கரைக்க அதுதான் நல்லது.

நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம், தோலோடு தட்டிய பூண்டு. கத்தரிக்காயை நாலாகக் கீறித் தண்ணீரில் போட்டிருப்பீர்கள், அதைப் பிழிந்தெடுத்து எண்ணெயிலேயே தோல் நிறம் மாறும்வரை புரட்டுங்கள். தக்காளி ஒன்று போதும். குழம்பு மிளகாய்ப்பொடி, மஞ்சள், அப்புறம் புளி. பச்சை வாசம் போனதும் மொச்சையைச் சேர்த்து, எண்ணெய் ஓரமாகப் பிரிந்து வரும்வரை சிறு தீயில் விட வேண்டியதுதான். சிலர் தேங்காயும் சோம்பும் அரைத்து ஊற்றுவார்கள். காய்ந்த மொச்சைக்கு அது சரி. விடிகாலையில் பறித்ததை வாங்கி வந்து மத்தியானமே சமைக்கும்போது எதற்கு அத்தனை மசாலா, மொச்சை வாசத்தை நாமே அமுக்கிவிடுகிற மாதிரி ஆகிவிடும்.

கூட வாங்கிய அரைக்கீரையைப் பூண்டு, சீரகம், பச்சை மிளகாயோடு வேக வைத்து மத்தால் கடைந்தேன், அவ்வளவுதான். கீரையை மட்டும் நாளைக்கு என்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

ஒன்பது மணிக்கு மேல் போனால் கீரைக்காரர்கள் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள், நல்ல கத்தரிக்காயும் தீர்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நின்று யாரிடமும் ஒரு வார்த்தை பேச முடியாது. வார நாளில் ஆறரை மணிக்குள் போய்விட்டால் நிதானமாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

இந்தக் குழம்பில் நெத்திலிக் கருவாடு போடலாமா என்பதில்தான் எங்கள் வீட்டில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மார்கழியில் கருவாடா என்று அம்மா முறைப்பார், போடாமல் அது என்ன மொச்சைக் குழம்பு என்பாள் என் மனைவி. நான் இவள் பக்கம்தான். ஆனால் கொதிக்கும்போதே பாதியை வேறு சட்டிக்கு மாற்றி, அதில் மட்டும் கருவாட்டைப் போடுகிறேன். கரண்டியும் தனி, மாற்றிப் போட்டால் தொலைந்தேன்.