புகையில்லா அறை: டிக் செய்தால் மட்டும் போதாது

இணையத்தில் விடுதி அறை தேடும்போது, 'நான்-ஸ்மோக்கிங்' என்ற சொல் மூன்று வெவ்வேறு இடங்களில் கண்ணில் படும். அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு. விடுதியின் பொது வசதிகள் பட்டியலில் இருந்தால், அப்படிப்பட்ட அறைகள் சில அங்கே உண்டு என்று மட்டுமே கொள்ள வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பு வரும் 'சிறப்புக் கோரிக்கைகள்' பகுதியில் ஒரு கட்டமாக இருந்தால், அதற்குப் பக்கத்திலேயே, கோரிக்கை நிறைவேறும் என்று உறுதி கூற இயலாது என்ற வரி சிறிய எழுத்தில் பெரும்பாலும் இருக்கும். 'டீலக்ஸ் டபுள், நான்-ஸ்மோக்கிங்' என அறையின் பெயரோடு சேர்ந்து வந்தால்தான் நாம் பணம் கொடுத்து வாங்கியது அந்த அறை என்று துணிந்து கேட்க முடியும்.

என் அம்மாவுக்கு ஆஸ்துமா இருப்பதால் இது எங்களுக்கு வெறும் வசதிக் கணக்கு அல்ல. ஒருமுறை இரவு வெகுநேரம் கழித்துப் போய்ச் சேர்ந்த விடுதியில், கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசனையுள்ள ரூம் ஃப்ரெஷ்னர்தான் மூக்கில் ஏறியது. ஏசியைப் போட்ட சில நிமிடங்களில் அந்த வாசனைக்கு அடியிலிருந்து பழைய சிகரெட் நெடி கிளம்பியது. ஜன்னல் விளிம்பில் சிகரெட்டை வைத்துச் சுட்ட பழுப்புத் தழும்புகள் வரிசையாக இருந்தன. அம்மா இன்ஹேலரைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவிலேயே நின்றுவிட்டார். "நீங்க ரெக்வெஸ்ட்தான் குடுத்திருக்கீங்க மேடம், கன்ஃபர்ம் ஆகலையே" என்றார் வரவேற்பில் இருந்தவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்படிச் சொல்ல இடம் கொடுக்கும் முன்பதிவு முறைதான் எனக்குக் கோபம் தருகிறது.

ஜன்னலைத் திறந்து வைத்தால் நெடி போய்விடும் என்பார்கள். புகை கலைந்த பிறகும் நிகோடின் திரைச்சீலையிலும் மெத்தையிலும் சுவரிலும் படிந்து தங்குகிறது, பின்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலக்கிறது. அமெரிக்காவின் சான் டியேகோ பகுதி விடுதிகளில் நடத்தி 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, சில அறைகளில் மட்டும் புகைக்க இடம் தரும் விடுதிகளைத் தனியே பார்த்தது. அங்கே புகைபிடிக்காதோருக்கென ஒதுக்கிய அறைகளின் பரப்புகளில்கூட, முழுத் தடையுள்ள விடுதிகளின் அறைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நிகோடின் இருந்தது. ஆகவே நல்ல அறையைத் தேடுவதைவிட, முழுவதும் புகைக்கு இடம் தராத விடுதியைத் தேடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள மத்திய அரசின் விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் கொண்ட விடுதிகள் மட்டுமே புகைபிடிப்போருக்கெனத் தனி அறைகளை ஒதுக்கலாம். அந்த அறைகள் தனிப் பகுதியாக இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் ஓர் இந்திய மொழியிலும் அறிவிப்பு வைக்க வேண்டும், புகை மற்ற பகுதிகளுக்குப் பரவாமல் வெளியே செல்ல வழி இருக்க வேண்டும். இருபது அறை லாட்ஜ் ஒன்று 'ஸ்மோக்கிங் ரூம் வேண்டுமா?' என்று கேட்டால், அது இந்த விதிக்குப் புறம்பானது. (புகைபிடிப்பவர்களும் தமக்குரிய அறையைக் கேட்டு வாங்குவதே நல்லது, மற்ற அறையில் புகைத்தால் தனியாகத் துப்புரவுக் கட்டணம் கேட்கும் விடுதிகள் உண்டு.)

இப்போதெல்லாம் முன்பதிவு முடிந்த கையோடு விடுதிக்கே நேராகத் தொலைபேசியில் பேசிவிடுகிறேன். புகைபிடிக்கும் அறைகள் எந்த மாடியில் இருக்கின்றன, எங்கள் அறை அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கேட்பேன். அவர்கள் ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் அனுப்பச் சொல்வேன். போய்ச் சேர்ந்ததும், பெட்டிகளை மேலே ஏற்றுவதற்கு முன்பு, அறையை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாவியைக் கேட்டு வாங்குவேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

முன்பதிவுத் தளங்கள் செய்ய வேண்டியதும் பெரிய வேலை அல்ல. 'நான்-ஸ்மோக்கிங்' என்று வடிகட்டினால், அத்தகைய ஓர் அறையாவது இருக்கும் விடுதிகளையெல்லாம் காட்டாமல், அந்தத் தேதியில் காலியாக உள்ள அத்தகைய அறைகளை மட்டுமே காட்ட வேண்டும். விடுதி முழுவதும் புகைக்குத் தடையா, இல்லையா என்பதை விலைக்குப் பக்கத்திலேயே போட வேண்டும்.