வேளாங்கண்ணியில் ஒரு மொட்டை பாக்கி

அப்பாயி எனக்காக நேர்ந்துகொண்டது ஒரு மொட்டை. அதை நான் கொடுக்கக் கிளம்பியபோது வயது 35, தலையில் பாதி ஏற்கெனவே காலி. "இருக்கறதைக் குடுடா, மாதா என்ன தராசு வச்சா நிறுத்துப் பாக்கப் போறா" என்று அத்தை சொல்லிவிட்டார். போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, இட்லி, தண்ணீர் பாட்டில், அத்தையின் முட்டிக்குத் தடவும் தைலம் எல்லாம் கட்டிக்கொண்டு திருச்சியில் பஸ் ஏறினோம்.

எனக்கு எந்தச் சாமி மேலும் நம்பிக்கை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தைக்கும் தெரியும். அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அப்பாயியின் கடன் பாக்கி இருக்கிறது, அதை அடைக்க வேண்டிய தலை என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

எங்கள் அப்பா வீடு தலைமுறையாக ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். எனக்கு ஆறு வயதாகும்போது, 1996-ல், அப்பா ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தார். பெயர் வேண்டாம். அது கட்டுப்பாடான சபை. நகை கூடாது, பூ கூடாது, சினிமா கூடாது, டிவி கூடாது. மருந்து எடுப்பதுகூட விசுவாசக் குறைச்சல். ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரம் அம்மா தோட்டைக் கழற்றினார், அடுத்து தாலிச் சங்கிலி. காது ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகி வைப்பார்களே, அதைக்கூட அம்மா செய்யவில்லை. அதுவும் இச்சைதானாம். வீட்டில் இருந்த மாதா படத்தை அப்பா எடுத்து வெளியே வைத்தார். அப்பாயி வந்து அதை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனது எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் அப்பாயி எங்களுக்கு 'விக்கிரகக்காரி' ஆனார். 2011-ல் அவர் இறந்தபோது அடக்கப் பூசைக்கு நாங்கள் கோவிலுக்குள் போகவில்லை, எதிரில் இருந்த டீக்கடை வாசலில் நின்றோம். நானும்தான் நின்றேன், 21 வயதில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அன்றோடு அத்தை வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

சபையை விட்டு நான் வந்த கதையில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. 2016-ல் பெங்களூரில் வேலை, நைட் ஷிஃப்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் தூங்கிவிட்டேன். எழுந்ததும் பயத்தில் வயிறு கலங்கியது, ஏதோ நடக்கப்போகிறது என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறும் தூங்கினேன். சபையில் இதற்கு 'பின்வாங்கிப் போவது' என்று பெயர். நியாயமாகப் பார்த்தால் நான் தூக்கத்தில் விழுந்துவிட்டவன்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் என்னை விடவில்லை. என் சாட்சி.

சபையில் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன், சாட்சி என்றால் தேவன் தனக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்வது. எங்கள் குடும்பத்துச் சாட்சியே நான்தான். ஆறு வயதில் எனக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, அப்பா மருந்து வேண்டாம் என்று தீர்மானித்து உபவாசம் இருந்தார், பத்தாம் நாள் நான் எழுந்து சோறு கேட்டேன். அப்பா வருஷாவருஷம் இதைச் சொல்வார், நான் பக்கத்தில் நிற்பேன், அம்மா முக்காட்டுக்குள் அழுவார். பன்னிரண்டு வயதில் இருந்து நானே மைக் பிடித்துச் சொன்னேன். 'ஊசி இல்லாமல், மாத்திரை இல்லாமல்' என்ற இடத்தில் குரலை எங்கே ஏற்ற வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியும். நரகம் போனது, ஏசு வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போகும் இரகசிய வருகை போனது, உலகம் ஆறு நாளில் உண்டானது போனது. இது மட்டும் போகவில்லை. நான் எப்படிப் பிழைத்தேன் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது.

திருவாரூர் தாண்டியதும் அத்தை இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார், "உனக்கு நெஞ்சுச் சளிக்கு ஊசி போட்டப்ப வேண்டிக்கிட்டது இது."

"என்ன ஊசி?"

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்குத் தெரியும் என்றே இத்தனை வருஷம் நினைத்திருக்கிறார். அப்பா வேலைக்குக் கிளம்பிப் போனதும், அப்பாயி பின்பக்கமாக வந்து என்னைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு தள்ளி இருந்த டாக்டரிடம் போவாராம். தினம் ஒரு ஊசி, எட்டு நாளோ பத்து நாளோ. பணத்துக்கு அத்தை தன் கம்மலை அடகு வைத்திருக்கிறார்.

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"அவதானே பிள்ளையைப் போர்வையில சுத்திக் கையில குடுப்பா. குடுத்துட்டு வாசல்லயே நிப்பா, நாங்க திரும்பி வர்ற வரைக்கும்."

அப்புறம் இட்லி எனக்கு இறங்கவில்லை. சாட்சி சொல்லும்போது அம்மா ஏன் அப்படி அழுதார் என்பதை இத்தனை வருஷமாக நான் வேறு மாதிரி புரிந்து வைத்திருக்கிறேன். அப்பாயியையும் நினைத்துக்கொண்டேன். பேரன் பிழைத்த பேர் முழுக்கச் சபைக்குப் போனதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார். அவர் கணக்கிலோ அந்தப் பேர் மாதாவுக்கு. ஊசி போட்ட அந்த டாக்டர் யார் என்று அத்தைக்கே இப்போது ஞாபகம் இல்லை.

வேளாங்கண்ணியில் இறங்கும்போது நல்ல வெயில். திருவிழா சமயம் இல்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் தொடங்கி செப்டம்பர் 8 வரைக்கும், காவி கட்டிக்கொண்டு நடந்து வரும் கூட்டத்தில் அந்த ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. இப்போது கடைக்காரர்கள் நம்மைப் பெயர் தெரியாத சொந்தக்காரர்களைப் போலக் கூப்பிடுகிறார்கள், மெழுகுவத்தி வாங்குங்க, மாலை வாங்குங்க என்று. ஆள் உயர மெழுகுவத்திகள்கூடச் சாத்தி வைத்திருந்தார்கள்.

சீட்டு வாங்கிக்கொண்டு மொட்டை அடிக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு கைக்குழந்தை, ஊரே கேட்கும்படி அலறிக்கொண்டிருந்தது. என் முறை வந்ததும் மொட்டை அடிக்கிற அண்ணன் என் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தபடி, "நேர்ச்சையா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். "லேட்டா வந்திருக்கீங்க போல" என்று மண்டையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். அவர் சொன்னது முடியைத்தான். கத்தி பிடரியில் இருந்து மேலே ஏறும்போது அந்தச் சரக் சரக் சத்தம் வெளியில் இருந்து வருவது போலவே இல்லை, மண்டைக்குள் யாரோ பெருக்குகிற மாதிரி இருந்தது. மடியில் விழுந்ததைப் பார்த்தேன். ஒரு கைப்பிடிகூட இல்லை. அதில் நரையும் இருந்தது. குழந்தைக்கு நேர்ந்த மொட்டையில் நரை!

அத்தை என் தலையில் கை வைத்துச் சிலுவை போட்டார். நான் தடுக்கவில்லை. ஆனால் தோள் தானாக இறுகியது.

இதுதான் எனக்கு அன்றைக்குப் பெரிய தொந்தரவு. நம்பிக்கை போய் ஒன்பது வருஷம் ஆகிறது, ஆனால் கோவிலுக்குள் நுழைந்ததும் என் கண் சபைக் கண்ணாகவே வேலை செய்தது. சேலை கட்டிய மாதா சொரூபத்தைப் பார்த்ததும் உள்ளே ஒரு குரல் 'விக்கிரகம்' என்றது. எண்ணெய் தொட்டு நெற்றியில் பூசுகிறவரைப் பார்த்தால் 'அவபக்தி', தொட்டில் கட்டுகிற பெண்ணைப் பார்த்தால் 'அஞ்ஞானம்'. கடவுளே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனுக்கு இவர்கள் தப்பான விதமாகக் கும்பிடுகிறார்கள் என்று ஏன் எரிச்சல் வர வேண்டும்? என் காதுகூட அப்படித்தான் இருந்தது. அவர்கள் 'செபம்' என்று சொல்லும்போதெல்லாம் மனசுக்குள் 'ஜெபம்' என்று திருத்திக்கொண்டே இருந்தேன். அவர்கள் 'நேர்ச்சை' என்பதுதான் எங்கள் 'பொருத்தனை'. ஒரே ஏசுவை வைத்துக்கொண்டு தமிழையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

பூசை கண்டுவிட்டு, கோவிலில் இருந்து மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதைக்கு வந்தோம். அங்கே முட்டி போட்டே போகிறார்கள். அத்தையும் உட்காரப் பார்த்தார். போன வருஷம் வந்த முட்டி வலி, டாக்டர் படி ஏறாதே என்று சொல்லியிருக்கிறார், இவர் மணலில் முட்டி போடுகிறார். என் தோளைப் பிடித்துக்கொண்டு பத்தடி போயிருப்பார், பல்லைக் கடித்தபடி. "போதும் அத்தை" என்றேன். "அம்மா முழுசும் போவாங்கடா" என்று எழுந்து முந்தானையால் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

மோர் விற்ற கால் ஊனமான பையனுக்கு மாதா காட்சி கொடுத்து நடக்க வைத்த கதை, பால்காரப் பையன் கதை, புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8 அன்று கரை சேர்ந்து கோவில் கட்டிய கதை, மூன்றையும் வழியில் சொல்லிக்கொண்டே வந்தார். 1962-ல் போப் இருபத்துமூன்றாம் ஜான் இந்தக் கோவிலைப் பேராலயமாக உயர்த்தியது வரை அத்தைக்கு மனப்பாடம். கரை சேராத கப்பல்காரர்களும் வேண்டியிருப்பார்களே என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

காணிக்கைப் பொருட்களை வைத்திருக்கும் காட்சியகத்தில்தான் அதிக நேரம் நின்றேன். வெள்ளியில் கை, கால், கண், இதயம், தொட்டில், வீடு. நன்றிக் கடிதங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததெல்லாம் சாட்சிதான், மைக் மட்டும் இல்லை. இதில் எத்தனை பேருக்குப் பின்னால் ஒரு அப்பாயி, அடகுக் கடையில் ஒரு கம்மல், பெயர் மறந்துபோன ஒரு டாக்டர் இருந்திருப்பார்களோ தெரியவில்லை. வெள்ளி நுரையீரல் இருக்கிறதா என்று சும்மா தேடிப் பார்த்தேன்.

ஊர் திரும்பும் முன், ஆர்ச் பக்கம் இருக்கிற சுனாமி நினைவுத் தூணுக்குப் போக வேண்டும் என்று சொன்னது நான்தான். அத்தைக்குக் காரணம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் வெளியூர்க் கூட்டம், கேரளாவில் இருந்தெல்லாம் வந்தவர்கள். காலையில் கடல் உள்ளே வந்தது. கடற்கரையில் இருந்தவர்களும் கடை வைத்திருந்தவர்களும் போனார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த ஞாயிறு, ஜனவரி 2, எங்கள் சபையில் பிரசங்கம் அதைப் பற்றித்தான். தேவன் விக்கிரகத்தைத் தேடிப் போனவர்களை நியாயந்தீர்த்தார் என்று ஊழியக்காரர் சொன்னார். சபையே 'ஆமென்' என்றது. எனக்கு வயது 14, நான் கையைத் தூக்கிச் சத்தமாகச் சொன்னேன். அன்று என் ஆமென் தனியாகக் கேட்டது என்று வீட்டுக்கு வந்து அப்பா என்னைப் பாராட்டினார்.

சின்னப் பையன், சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான் என்று என்னை நானே விட்டுவிடலாம். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குள் சந்தோஷம் இருந்தது. நாம் சரி, அவர்கள் தப்பு, கடலே சொல்லிவிட்டது என்ற சந்தோஷம். அதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தூண் பக்கத்தில் ஆள் அதிகம் இல்லை. ஒன்றாகப் புதைக்கப்பட்டவர்கள் அந்த மண்ணில் இருக்கிறார்கள். அத்தை மெழுகுவத்தி ஏற்றப் பார்த்தார், கடல் காற்றில் நாலு குச்சி வீணானது, ஐந்தாவதை நான் கையால் மறைத்துக்கொண்டேன். "அன்னிக்குக் கோவிலுக்குள்ள தண்ணியே வரலை, உள்ள இருந்தவங்களை மாதா காப்பாத்திட்டா" என்றார் அத்தை. நான் பேசவில்லை. அவரே கொஞ்ச நேரம் கழித்து, "வெளிய இருந்ததும் அவ பிள்ளைங்கதான், ஏன் விட்டான்னு தெரியலடா" என்றார். எங்கள் சபையில் 'தெரியலை' என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வந்தேன். யாரிடம், எந்த வார்த்தையில் என்று தெரியாமல் நின்றேன். வாய் பழக்கத்தில் 'ஸ்தோத்திரம்' என்று தொடங்கி நின்றுவிட்டது. தலை வெயிலில் காந்தியது.

பஸ்ஸில் அத்தை தூங்கியதும் அம்மாவுக்குப் போன் செய்தேன். வேளாங்கண்ணி போய் மொட்டை போட்டுக்கொண்டதைச் சொன்னேன். ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை, லைன் கட்டாகிவிட்டதோ என்று ஒரு தரம் திரையைப் பார்த்தேன்.

"இந்த ஞாயித்துக்கிழமை வராத" என்றார் அம்மா. "வீட்ல ஜெபக் கூட்டம் வச்சிருக்கு. எல்லாரும் வருவாங்க. முடி முளைச்சதும் வா."

"சரிம்மா."

"எண்ணெய் தடவிக்கோ, எரியும்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத்தைக்கு முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?"

அத்தைக்கு முட்டி வலி வந்ததே போன வருஷம்தான்.