ஓசை கேட்பதற்கு முன் போடும் கையெழுத்து

கிட்டார் செய்கிறவர்களின் வேலையில் ஒரு விநோதமான வரிசை உண்டு. பெயர் முதலில் வரும், ஓசை கடைசியில்தான் வரும். கழுத்தின் நுனியில், கம்பியை முறுக்கும் சாவிகள் நிற்கும் தலைப்பகுதியில் சிப்பி பதித்து லோகோ வைப்பதென்றால், கழுத்தைச் செதுக்கும் முன்பே அதை முடித்துவிடுவது நல்லது. மரம் அப்போதுதான் தட்டையாக, மேசையோடு இறுக்கிப் பிடிக்க வாகாக இருக்கும். பெட்டி மூடியிருக்காது, கம்பி கட்டியிருக்காது, அது பாடுமா முனகுமா என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் நம் பெயர் நெற்றியில் ஏறிவிடும்.

இதனாலேயே நெடுநாள் லோகோ வேண்டாம் என்று இருந்தேன். ஸ்பானிய மரபில் வந்த கிளாசிக்கல் கிட்டார்களின் தலையில் பொதுவாகப் பெயரே இருக்காது. தலையின் மேல்விளிம்பை எந்த வளைவில் வெட்டியிருக்கிறார் என்பதை வைத்தே, விஷயம் தெரிந்தவர்கள் செய்தவரைச் சொல்லிவிடுவார்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதற்கு முதலில் நாலு பேர் நம் வளைவைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டுமே! பட்டறையில் கூட இருக்கும் பையன் ஒருநாள் போட்டு உடைத்தான்: "அண்ணே, ரிப்பேர்னு வந்தா யார்கிட்ட கொண்டுபோறதுன்னாவது எழுதி வைங்க." சரி, அது நியாயம்தான் என்று பட்டது.

காகிதத்தில் லோகோ வரைவது சுகமான வேலை. தலைப்பகுதியை முழு அளவில் வரைந்து, சாவிகளின் வாஷர் உட்காரும் வட்டங்களையும், கழுத்து முடியும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் நட் என்ற சின்னக் கட்டையிலிருந்து ஒவ்வொரு சாவிக்கும் கம்பி போகும் கோட்டையும் போட்ட பிறகுதான் நிலவரம் புரியும். கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடு உள்ளே இருந்து, அதைத் திருகும் வாய் தலைப்பக்கம் இருந்தால், அதன் மூடி கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது மேலே ஒரு சின்ன முக்கோணமோ பட்டையோதான். ஃபெண்டர் கிட்டார்களில் ஆறு சாவியும் ஒரே பக்கம் வரிசையாக நிற்பதால், பெயர் தலையின் நீளவாக்கில் ஓடுகிறது. கிப்சனில் மூன்று மூன்றாகப் பிரிந்து நிற்பதால் குறுக்கே உட்காருகிறது. இரண்டையும் ரசனை வேறுபாடு என்று எண்ணியிருந்தேன். அதில் பாதி இடப் பிரச்சினை.

அடுத்து ரம்பத்தின் ஆட்சி. முத்துச்சிப்பித் துண்டு ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குள்தான் இருக்கும். வடிவத்தை அச்சடித்து அதன்மேல் ஒட்டி, நகை வேலைக்கான மெல்லிய ரம்பத்தால் அறுக்கிறேன். எழுத்தில் சுழி இருந்தால், உள்ளே ஒரு துளை போட்டு, பிளேடைக் கழற்றி அதன் வழியே நுழைத்து மறுபடி மாட்ட வேண்டும். மயிரிழை போன்ற கோடு எத்தனை அழகாக வரைந்திருந்தாலும் அறுக்கும்போது முறிந்துவிடும். இப்படி முறிய முறிய என் லோகோ தானாகவே எளிமையாகிவிட்டது. சிப்பித் தூள் நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் இல்லாமல் அந்தப் பக்கமே போகக்கூடாது. இன்னொன்று, சிப்பியின் பளபளப்புக்குத் திசை உண்டு. எழுத்துகளைக் கண்டபடி வெட்டினால், ஒன்று மின்னும்போது பக்கத்தில் இருப்பது சாம்பலாகத் தெரியும்.

பள்ளம் தோண்டுவது நிதானமான வேலை. துண்டை மரத்தின்மேல் வைத்து ஓரத்தை ஊசியால் கீறி, கீறலில் வெள்ளைச் சுண்ணத்தூள் தேய்த்தால் கருங்காலியில் கோடு பளிச்சென்று தெரியும். மரத்தைக் குடையும் சிறிய ரூட்டர் மெஷினால் அந்தக் கோடு வரைக்கும் மட்டும் எடுக்க வேண்டும். ஆழம் சிப்பியின் கனத்தைவிட ஒரு சிட்டிகை குறைவாக இருக்கட்டும். இடுக்குகளைக் கருங்காலித் தூள் கலந்த எபோக்ஸி மறைத்துவிடும். வெளிர் நிற மேப்பிளில் இந்தச் சலுகை கிடையாது, எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். தேய்க்கும்போது உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால், சிப்பியைவிட மென்மையான மரம் மட்டும் பள்ளமாகிவிடும்.

சிப்பிக்குப் பதிலாக, லோகோவை அச்சடித்து, நீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டும் மெல்லிய படலமான டீக்கலை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புகழ்பெற்ற தொழிற்சாலைக் கிட்டார்களே டீக்கலோடுதான் வெளிவந்திருக்கின்றன. ஆனால் சாதாரண பிரிண்டர் வெள்ளை மை அடிக்காது. டீக்கல் ஒளி ஊடுருவும் தாள் என்பதால், கருத்த மரத்தில் நிறங்கள் காணாமல் போகும். லாக்கரையும் முதலில் பனி போல மெல்லியதாகத் தெளித்து உலரவிட வேண்டும். எடுத்ததும் ஈரமாக அடித்தால், கரைப்பான் டீக்கலைச் சுருட்டிவிடும். ஓரத்தின் மேடு மறையும்வரை அடிப்பதும் தேய்ப்பதுமாகப் பொறுமையைச் சோதிக்கும்.

ஒரு வாடிக்கையாளர், நல்ல மனிதர்தான், தலையில் பெரிய கம்பெனியின் பெயரைப் போட்டுத் தரச் சொன்னார். "யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். எனக்குத் தெரியும், நாளைக்கு அவரிடமிருந்து அதை வாங்குகிறவருக்குத் தெரியாது, அதுதான் சிக்கல். மறுத்துவிட்டேன். புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கலைஞர் ஸ்ட்ராடிவாரியின் லேபிளை ஒட்டிக்கொண்டு உலகெங்கும் சாதாரண வயலின்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன. அந்த ஊர்வலத்தில் நாமும் ஏன் சேர வேண்டும்?

பெயர் முன்னால், ஓசை பின்னால் என்ற உறுத்தலுக்கு நானாக ஒரு வழி செய்துகொண்டேன். தலையில் இருப்பது சின்ன அடையாளம் மட்டும். முழுப் பெயர், வருடம், மரங்கள், வரிசை எண் எல்லாம் உள்ளே பின்பலகையில் ஒட்டும் காகித லேபிளில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்பானிய கிட்டார் கலைஞர் டோரெஸும் 1875-க்குப் பிறகு செய்த கிட்டார்களின் லேபிளில் எண் குறித்து வந்தார். லேபிளை ஒலித்துளை வழியாகக் கடைசியில்கூட ஒட்டலாம். அதனால் கம்பி கட்டி, சில வாரம் வாசித்து, மரம் இழுவிசைக்குப் பழகிய பிறகே ஒட்டுகிறேன். வந்து கேட்கிறவர்களுக்கு இது வீம்பாகப் படுகிறது, படட்டும். லேபிள் ஒட்டாமல் ஒன்று இப்போதும் தொங்குகிறது. நெற்றியில் என் அடையாளம் இருக்கிறது, கீழ்ஸ்தாயிக் கம்பிகளின் ஓசையில் கனம்தான் பத்தவில்லை. ஒலித்துளைக்குள் கைவிட்டு மேல்பலகையை உள்ளிருந்து தாங்கும் சட்டமான பிரேஸை இன்னும் கொஞ்சம் சீவிப் பார்க்கணும்.