நெடுந்தீவில் நடந்த நாள்

யாழ்ப்பாணத்துக் கடலில் இருக்கிற நெடுந்தீவுக்குப் போய் வந்தோம் என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: நடந்து பார்த்தீர்களா, வண்டியில் பார்த்தீர்களா? இப்போது போகிறவர்களில் பெரும்பாலானோர் மாவலித்துறையில் இறங்கியதும் ஓட்டோ ஒன்றைப் பிடித்து, ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கு மரம் (பாவோபாப்), வளர்கிறது என்று ஊரார் சொல்லும் 'வளரும் கல்', காட்டுக் குதிரை என்று ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த படகில் திரும்பிவிடுகிறார்கள். அவரவர் வசதி. இருந்தாலும் ஐம்பது சதுர கிலோமீற்றர் அளவான தீவை அப்படி அவசரமாகப் பார்ப்பதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல்.

அந்த வயிற்றெரிச்சலுக்குக் காரணம் எங்கள் கல்லூரியின் விலங்கியல் மாஸ்ரர். 1982 சித்திரை விடுமுறையில் உயர்தர வகுப்பு உயிரியல் பெடியளைக் கூட்டிக்கொண்டு நெடுந்தீவு போனார். சுற்றுலா என்றால் வந்ததும் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்கு உள்ளூரப் பயம். அவரோ முதல்நாளே சொல்லிவிட்டார்: "கொப்பி ஒண்டும் வேண்டாம், தொப்பி கொண்டு வாங்கோ."

பஸ் வாணர் தாம்போதியில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. சித்திரையில் அப்படித்தான், வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வரும் சோழகக்காற்று எழும்பாத இடைக்காலம். நெடுந்தீவுக்குப் படகு ஏறும் குறிகாட்டுவான் துறையில் குமுதினிப் படகு. மூன்று வருடம் கழித்து, 1985 மே 15 அன்று, அந்தப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அன்று எங்களுக்கு அது பாட்டும் கூத்துமாகப் போன ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

இறங்கியதும் குதிரை பார்க்க ஓட வேண்டும் என்று எங்களுக்கு அவதி. மாஸ்ரர் துறையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே ஒரு வேலியோரம் நின்றுவிட்டார். நெடுந்தீவில் வேலி என்றால் கிடுகும் பனைமட்டையும் அல்ல. முருகைக்கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு கல்லின்மேல் கொஞ்சம் ஊற்றினார். சாம்பல் நிறமாகக் கிடந்த கல்லில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் தெளிந்து வந்தன. ஒவ்வொன்றும் ஒரு பவளப்பூச்சி இருந்த அறை. பக்கத்துக் கல்லில் மூளை மடிப்பு மாதிரிக் கோடுகள். அது வேறு இனம். "இந்த வேலி முழுக்க ஒரு காலத்தில உயிரோட கடலுக்குள்ள இருந்தது" என்றார். அப்புறம் எங்களை விட்டுவிட்டார். ஆளுக்கொரு போத்தலோடு நாங்கள் வேலி வேலியாகக் கல்லை நனைத்துத் திரிந்ததைப் பார்த்து ஊர்ச் சனம் என்ன நினைத்ததோ! கல்லிடுக்கில் அரணை ஓடும், ஓணான் தலையை நீட்டும். இடைவெளியால் காற்றுப் புகுந்து போவதால்தான் சாந்து பூசாத வேலி விழாமல் நிற்கிறது என்று ஒரு பெரியவர் வந்து விளக்கம் சொன்னார். மாஸ்ரர் அவரையும் 'சேர்' என்றுதான் கூப்பிட்டார்.

கடற்கரையில் இன்னும் நீண்ட நேரம் போனது. கரையொதுங்கிக் கிடந்த சாதாளை என்ற கடற்புல்லுக்குள் கல்திருப்பி உள்ளான் என்ற கரைப்பறவைகள் நாலைந்து. முதுகு செங்கபிலம், முகத்தில் கறுப்பும் வெள்ளையும், கால் செம்மஞ்சள். குட்டையான அலகை ஒரு கல்லுக்கு அடியில் செருகி ஒரு நெம்பு. கல் புரளும், கீழே இருந்த பூச்சி அதன் வாய்க்குள் போய்விடும். தன்னால் முடியாத கல்லையும் அது விடாது, சுற்றிச் சுற்றி வந்து வேறு பக்கத்தால் முயலும். பங்குனி, சித்திரையில்தான் இந்த வண்ணச் சட்டை, வடக்கே போய்க் கூடு கட்டுவதற்கான தயாரிப்பு என்றார் மாஸ்ரர். எவ்வளவு வடக்கே என்று கேட்டதற்கு, "இனி மரமே இல்லை எண்ட இடம் வரைக்கும்" என்றார். பின்னாளில் நான் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தபோது அந்த இடத்தைக் கண்டேன். வைகாசி முடிவில், மரமில்லாத கரையில், அதே செம்மஞ்சள் கால். இலங்கைக்கு வருபவை வட சைபீரியப் பக்கத்தவை, நோர்வேக்காரர் வேறு கூட்டம். ஆனாலும் என்ன, ஊர்க்காரரைக் கண்ட சந்தோசம்தான்.

நண்பகல் ஒரு வீட்டில் மோர் தந்தார்கள். வளவில் புதிதாக வெட்டி விழுந்த பனையோலை ஒன்றைப் புரட்டினால் அடியில் பனை உழவாரன் குருவியின் கூடு. இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டியது. முட்டையையும் ஓலையோடு சேர்த்து ஒட்டிவிடுமாம். இல்லாவிட்டால் சோழகத்தில் ஓலை ஆடும் ஆட்டத்துக்கு முட்டை நிற்குமா?

குதிரைகளைத் தெற்குப் பக்கத்துத் தரவையில், புல்வெளியில், கண்டோம். போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டவற்றின் வழி வந்தவை என்பார்கள். கட்டையான உடம்பு, கலைந்த பிடரி. முன்னால் போவது ஆண் குதிரை என்று நாங்கள் அடித்துச் சொன்னோம். கொஞ்ச நேரம் குந்தியிருந்து பார்த்தபோது, முன்னால் நடந்தது குட்டியோடு போன ஒரு வயதான பெட்டை. ஆண் குதிரை பின்னால் நின்று, பிந்தியவற்றை விரட்டி, எங்களையும் ஒரு முறை முறைத்தது.

பெருக்கு மரத்தின் பொந்துக்குள் எல்லோரும் நுழைந்து கூச்சல் போட்டோம். மன்னார் பள்ளிமுனையில் இதைவிடப் பருத்தது நிற்கிறது என்று மாஸ்ரர் சொன்னதைக் கேட்டு, எங்களோடு வந்த ஊர்ப் பெடியனுக்கு முகம் கறுத்துவிட்டது. வளரும் கல் உண்மையிலேயே வளருமா என்று ஒருவன் கேட்டான். "அளந்து வைச்சிட்டுப் போ, அடுத்த வருஷம் வந்து அள" என்றதோடு சரி. ஒருவரும் அளக்கவில்லை.

2019இல் மனைவியோடு போனேன். நடக்கப் போகிறோம் என்றதும் துறையில் நின்ற ஓட்டோக்காரத் தம்பி வானத்தை ஒருதரம் பார்த்தார், எங்களை ஒருதரம் பார்த்தார். "நல்லது அண்ணை, நடவுங்கோ. என்ர நம்பரை மட்டும் வைச்சிருங்கோ." மனைவி அதை அப்போதே கைபேசியில் பதிந்துகொண்டார். மத்தியானம் குதிரைகளைப் பார்த்து முடித்ததும் அவரைக் கூப்பிட்டதும் மனைவிதான். வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி அந்தத் தம்பிக்கும் கல்லை நனைத்துக் காட்டினேன். இவ்வளவு காலமும் தான் இதன் பக்கத்தால்தான் ஓடித்திரிந்ததாகச் சொல்லிச் சிரித்துவிட்டு, போத்தலை வாங்கி அடுத்த கல்லில் ஊற்றினார்.