முனகும் மோட்டார்

துளை போடும் மெஷின் சுவிட்சைப் போட்டால் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் வரும்; துளை போடும் பிட்டைப் பிடித்திருக்கும் சக் அசையாது. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தச் சத்தமே பாதி பதில். மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சர் (கப்பாசிட்டர்) போயிருக்கும், அல்லது சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் ஒட்டாமல் நிற்கும். கோவை கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரே மெஷின் இதே முனகலோடு இரண்டு மாதத்தில் நான்கு முறை என்னைக் கூப்பிட்டது.

முதல் முறை எனக்குச் சந்தேகமே இல்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சுவிட்சைப் போட்டு, ஒரு மரக்குச்சியால் புல்லியைத் தள்ளிவிட்டேன். மோட்டார் பிடித்துக்கொண்டு ஓடியது. நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் தள்ளினேன். அந்தப் பக்கமும் ஓடியது. இந்த வேடிக்கையைப் புதிதாக வரும் பையன்களுக்குக் காட்டுவது எனக்குப் பிடிக்கும். ரன்னிங் காயில் மட்டும் வேலை செய்தால், இரண்டு பேர் சம பலத்தோடு இழுக்கும் கயிறு மாதிரி மோட்டார் நடுவில் நின்றுவிடும். எந்தப் பக்கம் ஒரு தள்ளு கொடுக்கிறோமோ அந்தப் பக்கம் ஜெயித்துவிடும். அந்த முதல் தள்ளைக் கொடுக்கத்தான் ஸ்டார்ட்டிங் காயிலும் கண்டன்சரும். வேகம் முக்கால்வாசி வந்ததும் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் விலகி, இரண்டையும் வெட்டிவிடும்.

கண்டன்சரைக் கழற்றி, ஒரு பல்பை வைத்து மிச்சமிருந்த சார்ஜை இறக்கிவிட்டு மீட்டரில் பார்த்தேன். மேலே 80-100 மைக்ரோ ஃபாரட் என்று போட்டிருந்தது; மீட்டர் 31 காட்டியது. புதிதாக ஒன்று மாட்டினேன். அரை மணி நேர வேலை.

பத்தொன்பதாம் நாள் மறுபடி முனகல். கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று திட்டிக்கொண்டே விலை கூடியதாக ஒன்று வாங்கிப் போட்டேன். அது இரண்டு வாரம்கூட வரவில்லை. அடிப்பக்கம் உப்பி, எண்ணெய் மாதிரி கசிந்திருந்தது. மூன்றாம் முறை மோட்டாரையே பிரித்தேன். சுவிட்சின் பாயின்ட்டுகள் கரிந்து குழி விழுந்திருந்தன. ஜீரோ நம்பர் எமரி ஷீட்டால் தேய்த்துச் சுத்தம் செய்து, இரும்புத் தூளை ஊதி, பேரிங்கைச் சுற்றிப் பார்த்து, இன்சுலேஷன் பார்க்கும் மெக்கர் மீட்டரை வைத்துக் காயிலையும் பார்த்தேன். எல்லாம் சரி. லோ வோல்டேஜோ என்று ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் மீட்டரைப் பிடித்தேன்; 221 இருந்தது 212க்கு இறங்கி ஏறியது, அவ்வளவுதான். மூடி மாட்டி, இன்னொரு கண்டன்சரும் போட்டேன். நான்காம் முறை போன் வந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஓனர் எரிச்சலில் இருந்தார். "இந்தியாவுல முதல் மோட்டார் செஞ்ச ஊருங்க இது. ஒரு அரை ஹெச்.பி. மோட்டாரை ஓட்ட முடியலைன்னா எப்படி?" என்றார். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937இல் செய்த மோட்டாரைச் சொல்கிறார். எந்த மோட்டார் நின்றாலும் அவருக்கு 1937 ஞாபகம் வந்துவிடும். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: "பெரியவர் இருந்தவரைக்கும் இது ஒரு நாள் நின்னதில்லை."

அந்தப் பெரியவர் பொங்கலோடு வேலையை விட்டுவிட்டார். அவர் இடத்துக்கு ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையன் வந்திருந்தான். ஒவ்வொரு முறை போனபோதும் அவனிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "என்னடா பண்ணினே?" அவனும் ஒரே பதில்தான் சொன்னான்: "ஒண்ணும் பண்ணலைங்கண்ணா." அந்தத் தொனியில் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நான்காம் முறை போனபோது கண்டன்சரை மாற்றிவிட்டு உடனே கிளம்பவில்லை. ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து அவன் வேலை செய்வதைப் பார்த்தேன். பம்ப்செட்டுக்குப் போகும் தகடு. வைஸில் வைத்து இறுக்குகிறான், சுவிட்சைப் போடுகிறான், துளை போடுகிறான், நிறுத்துகிறான். சக் முழுசாக நின்ற பிறகுதான் பிசிறைப் பிரஷ்ஷால் தள்ளி, தகட்டை மாற்றுகிறான். பத்து நிமிஷத்தில் பதினான்கு முறை சுவிட்ச் போட்டான். மணிக்கு 84. ஸ்டார்ட்டிங் கண்டன்சர் அதற்குச் செய்தது இல்லை. ஒரு தடவைக்கு மூன்று விநாடி வீதம் மணிக்கு இருபது தடவை என்பதுதான் பொதுவாக அதற்குச் சொல்லும் கணக்கு. சூடு ஆறுவதற்குள் அடுத்த அடி, உள்ளே வெந்துபோகிறது. பாயின்ட்டுகள் ஏன் கரிந்தன என்பதும் அப்போதுதான் விளங்கியது.

பெரியவர் காலையில் போட்ட சுவிட்சை டீக்குத்தான் நிறுத்துவார். சுற்றுகிற பிட்டுக்குக் கீழேயே கையை விட்டுத் தகட்டை மாற்றிவிடுவார். மோட்டார் ஒரு நாளும் நின்றதில்லை என்பது உண்மைதான். அவருடைய இடது ஆள்காட்டி விரலில் நுனி இல்லை என்பதும் உண்மை. அவரிடம் பல வருஷம் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை.

ஓனரிடம் சொன்னதும், "அப்போ நிறுத்தாம ஓட்டச் சொல்லுங்க" என்றார். முடியாது என்றேன். பையன் செய்வதுதான் முறை, மோட்டார்தான் இந்த வேலைக்குத் தோதில்லை என்று விளக்க வேண்டியிருந்தது. பட்டறையில் லேத்துக்காக த்ரீ ஃபேஸ் லைன் ஏற்கெனவே இருந்தது. த்ரீ ஃபேஸ் மோட்டாருக்குக் கண்டன்சரும் இல்லை, சென்ட்ரிஃப்யூகல் சுவிட்சும் இல்லை. கெட்டுப்போக அங்கே அந்த இரண்டுமே கிடையாது. நான்கு கண்டன்சர் செலவையும் நின்றுபோன வேலை நாட்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டிய பிறகு, பழைய மோட்டார் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவந்தார். பேரிங் மாற்றி, மோட்டாரை நேராக லைனில் சேர்க்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரோடு மாட்டினேன். பச்சை பட்டனை அழுத்தியதும் முனகல் இல்லாமல் கிளம்பியது. நான் நிமிர்ந்து ஓனரைப் பெருமையாகப் பார்த்தபோது பையன் மெதுவாகச் சொன்னான்:

"அண்ணா, பிட்டு தலைகீழா சுத்துதுங்க."

இரண்டு ஒயரை மாற்றிப் போட்டேன்.

கழற்றிய மோட்டாரைத் தூக்கிப் போடவில்லை. பாலிஷ் போடும் பெஞ்சில் மாட்டிவிட்டோம். காலையில் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை என்று அங்கே அதற்கு இரண்டே ஸ்டார்ட்தான். நான்காவதாகப் போட்ட அதே கண்டன்சரோடு, நான் அந்தப் பட்டறையை விட்டு வரும்வரை ஓடிக்கொண்டிருந்தது.