ஸ்ரீபுரந்தான் நடராஜர் திரும்பி வந்த வழி

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். 2011 அக்டோபரில் இன்டர்போல் அறிவிப்பை வைத்து ஜெர்மன் போலீஸ் அவரை பிராங்பர்ட்டில் பிடித்தது, ஆனால் அந்த அறிவிப்பு மட்டுமே ஆளை இந்தியாவுக்கு அனுப்பிவிடாது, அங்குள்ள சட்ட நடைமுறையெல்லாம் முடிந்து 2012 ஜூலையில்தான் ஒப்படைத்தார்கள். 2014-இல் நடராஜரும் திரும்பினார்.

சிலை நம்முடையதுதான் என்று காட்ட உதவியது எது தெரியுமா? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம்! எத்தனை நாட்டு போலீஸ் கைகொடுத்தாலும் ஆதாரம் நம்மிடம்தானே இருக்க வேண்டும்? சரி, உங்கள் ஊர்க் கோயில் சிலைகளுக்குத் தெளிவான போட்டோ இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள், இல்லையென்றால் எடுக்கச் சொல்லி விடாமல் நச்சரியுங்கள்.